இறுகிப்போன இன்ஜெக்டரை ஹெட் உடையாமல் கழற்றுவது: காசிமேட்டு லாஞ்ச் இன்ஜின்கள் பற்றிய கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். லாஞ்ச் என்னும் விசைப்படகுகள் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் இந்த 61 நாட்களில்தான் பம்ப், நாசில், ஹெட் எல்லாம் வேலைக்கு வரும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டிலிருந்து வெளியே வர மறுக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் லேலண்ட் 370, 400, பழைய பெர்கின்ஸ், வோல்வோ பென்டா போன்ற மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களுக்கு. எலக்ட்ரானிக் முறையில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜின்களுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லாஞ்ச் ஓனர், காசிமேடு: அண்ணே, ஆறு சிலிண்டர் லேலண்ட் 400. நாலு இன்ஜெக்டர் கையோட வந்துடுச்சு. மூணாவதும் ஆறாவதும் அசையவே மாட்டேங்குது. கடப்பாரை போட்டு நெம்பிடலாம்னு பசங்க சொல்றாங்க. நெம்பலாமா?

பதில்: வேண்டாம். நெம்பினால் விசை ஒரு பக்கமாகவே போகும். இன்ஜெக்டர் துளைக்குள் சாய்ந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பாடி லேசாக வளைந்தாலும் போதும், பிறகு அது சோதனை மேசைக்குக்கூட லாயக்கில்லை. கடப்பாரைக்கு முட்டுக் கொடுத்த இடத்தில் ஹெட்டின் விளிம்பு பெயர்ந்து வரும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடையும். இன்ஜெக்டர் போனால் வேறு வாங்கலாம். இத்தனை வருஷப் பழைய இன்ஜினுக்கு நல்ல ஹெட் தேடி அலைவது வேறு கதை. அதனால் வேலையில் எந்தக் கட்டத்தில் சந்தேகம் வந்தாலும் இன்ஜெக்டரைப் பலி கொடுங்கள், ஹெட்டைக் காப்பாற்றுங்கள்.

இழுப்பதற்கு முன், எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மேலே, இன்ஜெக்டர் பாடிக்கும் துளைக்கும் நடுவே துரு ஏறியிருக்கலாம். அப்படியானால் கழுத்தைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் தெரியும். கீழே, நாசில் என்னும் தெளிக்கும் முனையைப் பாடியோடு பூட்டும் நாசில் நட்டைச் சுற்றிக் கரி கட்டியிருக்கலாம். காப்பர் வாஷர் சரியாக அடைக்காமல் எரிந்த வாயு மேலே ஏறியதால் வருவது அது. கழுத்தில் கறுப்பாகத் தார் மாதிரிக் கசிந்திருக்கும், இன்ஜின் ஓடும்போது அந்த சிலிண்டரில் ‘சுக் சுக்’ என்று சத்தம் வந்திருக்கும். மூன்றாவது, இன்ஜெக்டரை ஹெட்டோடு பிடிக்கும் காதுத் தகடான ஃபிளாஞ்சின் ஓட்டைக்கும், ஹெட்டில் நிற்கும் மரைக்கம்பியான ஸ்டட்டுக்கும் நடுவே துரு. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்ஜெக்டர் உள்ளே தாராளமாக இருக்கும், இரண்டு ஸ்டட்டும் ஃபிளாஞ்சைப் பிடித்துவைத்திருக்கும்.

உங்களுக்கு மூன்றாவதும் ஆறாவதும் மட்டும் சிக்கியிருக்கிறது. அந்த இரண்டுக்கும் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெக் மூடியில் ஒழுகலா, கடல்நீர்க் குழாயின் ஜாயின்ட்டா? மேலேயிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியிருந்தால் அது துருதான்.

இனி வேலைக்கு வருவோம். சுற்றிலும் இருக்கும் உப்பு, பெயின்ட், மண் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டுக் கழுவிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஹை பிரஷர் பைப்பை இரண்டு முனையிலும் கழற்றி முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள், வளைத்து ஒதுக்கி வைக்காதீர்கள். பம்ப் முனைக்கும் பைப் முனைக்கும் மூடி போடுங்கள். மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் ஓவர்ஃப்ளோ பைப்பையும் எடுங்கள். பிறகு நட்டை மட்டுமல்ல, ஸ்டட்டையே கழற்றுங்கள். ஒரே ஸ்டட்டில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் ஸ்டட் வரும். ஸ்டட் போனால்தான் இன்ஜெக்டரைச் சுழற்ற இடம் கிடைக்கும். சுழற்ற முடிந்த இன்ஜெக்டர் பாதி வெளியே வந்த மாதிரி.

டெக் மெக்கானிக், ராயபுரம்: இன்னா எண்ணெய் ஊத்துனா நல்லா எறங்கும் ண்ணா? டீசல்லயே ஊற வெச்சா போதுமா?

பதில்: டீசல் துருவுக்குள் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் ஒன்றும் இல்லாததற்கு அது மேல். நல்லது வேண்டுமென்றால் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சரிபாதி. 50 மில்லிக்கு 50 மில்லி போதும். இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் இன்ஜின் ரூம் மூடியைத் திறந்து வைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள். பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது. அதெல்லாம் முடியாத இடத்தில் கடையில் கிடைக்கும் துரு இளக்கும் ஸ்பிரேயே போதும்.

ஊற்றும் முறைதான் முக்கியம். இன்ஜெக்டர் கழுத்தைச் சுற்றிக் கிரீஸாலோ மாவுப் பதமான புட்டியாலோ 1 செ.மீ. உயரத்துக்கு வரப்பு கட்டி, அதற்குள் எண்ணெய் நிற்கும்படி விடுங்கள். இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது ஊற்றினால், ஆறும்போது எண்ணெய் உள்ளே இழுபடும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று இரண்டு நாள் விடுங்கள். நடுநடுவே இன்ஜெக்டர் தலையில் பித்தளைச் சுத்தியால் லேசாகப் பல தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவில் மயிரிழை விரிசல் விழும், எண்ணெய் அதன் வழியே இறங்கும். மேலே பூட்டியிருக்கும் தொப்பி நட்டின் மீது தட்டுங்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் டீசல் இணைப்பின் மீது தட்டக் கூடாது.

கீழே கரி கட்டியிருந்தால் எண்ணெய் அதுவரை போவது கடினம். அதற்குச் சுழற்றலும் சூடும்தான் வழி.

ஐடிஐ மாணவர், தண்டையார்பேட்டை: சார், ஸ்பேனர் போட்டு இடது பக்கம் திருப்பினோம். பாடி மட்டும் கழன்று மேலே வந்துவிட்டது. நாசிலும் நட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. ஏன் இப்படி?

பதில்: இந்த வேலையில் அதிகம் நடக்கும் சேதம் இதுதான் தம்பி. நாசில் நட் கீழேயிருந்து பாடியில் வலது மரையில் ஏறியிருக்கிறது. கரி அந்த நட்டைத் துளையோடு பிடித்துக்கொண்டிருக்கும்போது மேலே பாடியை இடதுபுறம் திருப்பினால், நட்டிலிருந்து பாடி கழன்றுகொள்ளும். அதனால் முதல் திருப்பு எப்போதும் வலது பக்கம், இறுக்கும் திசையில். அசைவு கிடைத்த பிறகு வலமும் இடமுமாகச் சில டிகிரி மட்டும் ஆட்ட வேண்டும். இடது பக்கம் போகும்போது விசை குறைவாக இருக்கட்டும். பாடியில் சப்பையாக வெட்டிய இரண்டு முகங்களில் சரியான அளவு ஸ்பேனரைப் போடுங்கள். பைப் ரிஞ்ச் வேண்டாம். இன்னொன்று, சில இன்ஜெக்டர்களில் திசை மாறாமல் இருக்க டவல் பின்னோ குண்டோ வைத்திருப்பார்கள். ஏற்கெனவே வெளியே வந்த இன்ஜெக்டரில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். இருந்தால் ஆட்டவே கூடாது, நேர் இழுப்பு மட்டும்தான்.

இப்போது உள்ளே நிற்பதை எடுக்க: நாசில் ஊசி தனியாக வந்துவிட்டால் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பிறகு அதே பாடியையோ பழைய வேறு பாடியையோ நட்டின் மரையில் வலதுபுறம் திருப்பிக் கெட்டியாக ஏற்றுங்கள். நாசில் அதன் இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாடி அடிவரை போய் முட்டாது. ஏறிய பிறகு திருப்பவே வேண்டாம், கம்பியில் சறுக்கும் எடையால் அடித்து இழுக்கும் ஸ்லைடு ஹேமரால் நேர் மேலே இழுங்கள். மரை வீணாகியிருந்தால் நட்டின் உள் விட்டத்துக்குப் பொருந்தும், மரை வெட்டும் டேப் ஒன்றை லேத்தில் செய்யச் சொல்லி, புது மரை வெட்டி, அதில் ஸ்டட் ஏற்றி இழுக்கலாம். மரை வெட்டும்போது டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிறைய அப்புங்கள், துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும். நாசில் இன்னும் இடத்தில் இருந்து துளையை அடைத்துக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

டிரைவர், திருவொற்றியூர்: பழைய ஃபிட்டர்லாம் நட்டைத் தளத்தி வெச்சிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவாங்க, கம்ப்ரஷன்லயே இன்ஜெக்டர் தூக்கிக் குடுக்கும்னு சொல்வாங்க. அது சரியா?

பதில்: வேலை செய்யும். ஆபத்தும் உண்டு. ஏன் என்று கணக்கைப் பாருங்கள். நாசில் மூக்கு எட்டிப் பார்க்கும் துளை 9 மிமீ என்று வைத்தால் பரப்பு 64 சதுர மிமீ. அழுத்தும் காற்று 35 பார் என்றால் மேலே தள்ளும் விசை சுமார் 23 கிலோதான். அடியில் வாஷரின் பிடி விட்டதும் அதே காற்று 25 மிமீ விட்டமுள்ள நட்டின் அடி முழுவதிலும் பாய்கிறது. பரப்பு 491 சதுர மிமீ, விசை சுமார் 175 கிலோ. அதனால்தான் வெகுநேரம் ஒன்றும் நடக்காமல் இருந்து, திடீரென்று ‘டப்’ என்று கிளம்புகிறது. அந்த நேரத்தில் ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் முகம் போய்விடும்.

செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். ஸ்டட்டில் நட்டைக் கழற்றாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள், அதாவது இன்ஜெக்டர் 1 முதல் 1.5 மிமீக்கு மேல் கிளம்ப முடியாதபடி. ஸ்டட் மரை அரித்திருந்தால் இந்த முறையே வேண்டாம். அந்த சிலிண்டரின் ஹை பிரஷர் பைப் மாட்டியிருக்கக் கூடாது. இன்ஜெக்டர் எகிறினால் பைப் கழுத்தில் விரிசல் விடும், அந்த விரிசலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் விரலை எடுக்கும் நிலை வரை போகக்கூடிய காயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. அதனால் பம்பின் அந்த முனையில் பழைய பைப் ஒன்றை மாட்டி டீசல் ஒரு கேனுக்குள் போகும்படி செய்யுங்கள். மற்ற சிலிண்டர்களில் இன்ஜின் ஸ்லோவில் ஓடட்டும். இன்ஜெக்டர் மேலே கனமான கோணியும் பலகையும் போட்டு மூடி, ஆள் விலகி நிற்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். சத்தம் மாறினால் உடனே நிறுத்துங்கள்.

இன்ஜெக்டரைச் சுற்றி நின்று கூலிங் தண்ணீரைத் தடுக்கும் காப்பர் ஸ்லீவ் உள்ள ஹெட்டில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். இன்ஜெக்டரோடு ஸ்லீவும் எழும்பினால் ஓடும் இன்ஜினில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், கனெக்டிங் ராட் வளையும்.

இழுத்தெடுக்கும் கருவியான புல்லர் செய்ய வசதி இருப்பவர்களுக்கு இந்த முறை தேவையே இல்லை என்பது என் கருத்து.

லேத் பட்டறை, கல்மண்டபம்: புல்லர் கேட்டு ஆள் வர்றாங்க. என்ன அளவுல செஞ்சா எல்லாத்துக்கும் ஆகும்?

பதில்: இரண்டு கருவி செய்யுங்கள், ஒன்று அடித்து இழுப்பது, இன்னொன்று திருகி இழுப்பது.

ஸ்லைடு ஹேமருக்கு 16 மிமீ ராடு, நீளம் 500 மிமீ. எடைக்கு 75 மிமீ விட்டம், 90 மிமீ நீளமுள்ள இரும்பு உருளையில் 17 மிமீ துளை போட்டால் கிட்டத்தட்ட 3 கிலோ வரும், அதுவே போதும். 5 கிலோ, 8 கிலோ என்று செய்தால் மரைதான் பிய்த்துக்கொண்டு வரும். மெல்லிய அடி ஐம்பது, பலமான அடி ஐந்தை விட அதிகம் சாதிக்கும். துரு உடைவது அதிர்வினால்தான்.

திருகும் புல்லருக்கு 50 மிமீ அகலம், 20 மிமீ கனமுள்ள பட்டை, 150 மிமீ நீளம், இரண்டு பக்கமும் கால். நடுவில் 17 மிமீ துளை, அதில் எம்16 அளவில் 8.8 கிரேடு மரைத்தண்டு, மேலே நட், நட்டுக்கு அடியில் கனமான வாஷர், இடையில் கிரீஸ். கால்கள் ஹெட் போல்ட்டின் தலைகள் மேலேயோ ஹெட்டின் கனமான பகுதி மேலேயோ உட்கார வேண்டும். ராக்கர் கவர் விளிம்பிலும் அலுமினிய மேனிஃபோல்டிலும் காலை வைத்தால் அது உடையும்.

இரண்டையும் இன்ஜெக்டரோடு இணைக்கும் அடாப்டரில்தான் சூட்சுமம் இருக்கிறது. டீசல் நுழையும் இணைப்பு பெரும்பாலான பழைய இன்ஜெக்டர்களில் பக்கவாட்டில் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் அதுவும் நெம்புவது மாதிரியே. உச்சியில் இருக்கும் தொப்பி நட்டைக் கழற்றி, அந்த மரையைப் பிடித்து இழுங்கள், அப்போதுதான் விசை நேர் அச்சில் போகும். வெளியே வந்த இன்ஜெக்டரைக் கொண்டுவரச் சொல்லி, மரைகேஜ் வைத்து அளந்து செய்யுங்கள், கண் அளவில் எம்14 என்று முடிவு கட்ட வேண்டாம். மரை குறைந்தது 12 மிமீ ஆழம் ஏற வேண்டும்.

எம்16 நட்டை 40 நியூட்டன் மீட்டர் இறுக்கினாலே ஒன்றேகால் டன்னுக்குக் குறையாத இழுப்பு வருகிறது. அங்கே நிறுத்திவிட்டு, எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க அந்த இழுப்பிலேயே விட்டுவிடுங்கள். காலையில் தண்டின் தலையில் ஒரு தட்டு. பல நேரம் அந்தத் தட்டிலேயே ‘கிளிக்’ என்று விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரில் பைப் மாட்டித் திருப்பினால் இன்ஜெக்டர் தலை தனியாக வரும்.

ஃபைபர் போட் ஓனர், எண்ணூர்: கேஸ் கட்டர் வைத்து இன்ஜெக்டரைச் சூடு காட்டலாமா?

பதில்: கூடாது. ஒரே இடத்தில் சூடு ஏறினால் வால்வு சீட்டுக்கும் இன்ஜெக்டர் துளைக்கும் நடுவே இருக்கும் ஒல்லியான பகுதியில் விரிசல் விடும். கீழே படகின் அடிப்பள்ளமான பில்ஜில் டீசல் கிடக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ஹெட்டுக்குச் சூடு வேண்டுமென்றால் இன்ஜினை ஓட்டி 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், அல்லது ஹெட் கழற்றியிருந்தால் கொதிநீரில் போடுங்கள். ஹெட் முழுவதும் ஒரே சீராகச் சூடாக வேண்டும்.

ஹெட் சூடாக இருக்கும்போது இன்ஜெக்டரை மட்டும் குளிரவைப்பது நல்ல உத்தி. காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. நொறுக்கிய ஐஸைத் துணிப்பையில் கட்டி இன்ஜெக்டர் தலையில் மட்டும் 10 நிமிஷம் வையுங்கள். 25 மிமீ எஃகு 60 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது 0.018 மிமீதான், ஆனால் துருப் பிடி விட அது போதும். ஐஸ் தண்ணீர் சூடான ஹெட்டில் ஒழுகக் கூடாது, அதற்குத்தான் பை.

லாஞ்ச் ஓனர் வீட்டம்மா, காசிமேடு: ஹெட்டையே கழற்றணும்னு மெக்கானிக் சொல்றார். உண்மையிலேயே தேவையா, இல்ல வேலையை இழுக்கிறாரா?

பதில்: அம்மா, மூன்று விஷயத்தைக் கேளுங்கள். எண்ணெயில் ஊறவைத்து இரண்டு நாள் ஆனதா? ஸ்டட்டைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்தாரா? புல்லரை நேர் அச்சில் போட்டு ஒரு ராத்திரி விட்டாரா? மூன்றும் செய்து வரவில்லை என்றால் அவர் சொல்வது நியாயம். இன்ஜெக்டர் தலை உடைந்து பிடிக்க இடமே இல்லை என்றாலும், நாசில் துண்டு சிலிண்டருக்குள் விழுந்திருந்தாலும் ஹெட்டை எடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை.

எடுத்தால் என்னென்ன வேலை சேர்ந்து வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்: புது ஹெட் கேஸ்கெட், ஹெட் முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துக் கோணல் பார்ப்பது, வால்வு லேப்பிங், தண்ணீர் அழுத்தச் சோதனை. ஹெட் எப்படியும் பல வருஷமாகத் திறக்காமல் இருந்தால் இவை வீண் செலவு அல்ல.

கழற்றிய ஹெட்டில் இன்ஜெக்டரைக் கீழேயிருந்து மேலே அடித்து எடுக்கலாம். மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள்: நாசில் மூக்கின் மேல் நேராக உளி வைத்து அடிக்கக் கூடாது, மூக்கு உடைந்து துளைக்குள் ஆப்பு மாதிரி சிக்கும். மூக்கு உள்ளே போகும்படி நடுவில் குடைந்த பித்தளைத் தண்டை, துளை அனுமதிக்கும் அதிகபட்ச விட்டத்தில் கடைந்து வைத்து, நாசிலின் தோள் மேல் விசை விழும்படி அடிக்க வேண்டும். மேலே புல்லர் இழுத்துக்கொண்டிருக்க, கீழே அடித்தால் இன்னும் நல்லது.

இன்ஜின் டிரைவர், துறைமுகப் பகுதி: பழைய வோல்வோ பென்டா. இழுத்தோம், இன்ஜெக்டரோடு காப்பர் ஸ்லீவும் சேர்ந்து வந்துவிட்டது. சிலிண்டரில் பச்சைத் தண்ணீர் தெரிகிறது.

பதில்: ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். தண்ணீர் சுருங்காது, பிஸ்டன் மேலே வந்தால் ராடு வளையும். முதலில் கூலன்ட் முழுவதையும் இறக்குங்கள், பிளாக்கின் அடி வால்வையும் திறந்துவிட வேண்டும். எல்லா இன்ஜெக்டரையும் வெளியே எடுத்துவிட்டு, மெல்லிய குழாயும் சிரிஞ்சும் வைத்து அந்த சிலிண்டரின் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். சிலிண்டருக்குள் 20 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள், இல்லையென்றால் இரண்டே நாளில் லைனரில் துரு ஏறும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும்.

பழைய ஸ்லீவைத் திரும்பப் போடாதீர்கள். புது ஸ்லீவ், புது ஓ-ரிங், அடியில் விரித்துவிடும் அதற்கான கருவி, மூன்றும் இல்லாமல் இந்த வேலை நிற்காது. ஸ்லீவ் உள்ள ஹெட்டில் இன்ஜெக்டரைத் தொடும் முன்பே கூலன்ட்டை இறக்குவது முதல் வேலையாக இருக்கட்டும். ஸ்லீவ் உண்டா இல்லையா என்பது பார்ட்ஸ் புத்தகத்தில் ஹெட் படத்தைப் பார்த்தாலே தெரியும்.

மெக்கானிக், புது வண்ணாரப்பேட்டை: இன்ஜெக்டர் வந்துச்சு, காப்பர் வாஷர் அடியில ஒட்டிக்கிச்சு.

பதில்: கூம்பு வடிவில் கடைந்த கம்பியின் நுனியில் மரை வெட்டி, கிரீஸ் தடவி, வாஷருக்குள் மெல்லத் திருகி ஏற்றித் தூக்குங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் வாஷர் உட்காரும் சீட்டில் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியேதான் அடுத்த வருஷம் கரி ஏறும். சில நேரம் இரண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். முன்னால் போட்டவர் பழையதை எடுக்காமல் விட்டது. டார்ச் அடித்துப் பார்த்து, எண்ணி எடுங்கள்.

லாஞ்ச் ஓனர், காசிமேடு: திரும்ப மாட்டும்போது அடுத்த வருஷம் இதே பாடு படாம இருக்க என்ன செய்யணும்?

பதில்: துளையையும் சீட்டையும் சுத்தம் செய்வதிலிருந்து ஆரம்பியுங்கள். சிலிண்டருக்குள் போகும் சின்னத் துளையில் கிரீஸ் தடவிய துணித்திரியைச் செருகுங்கள், திரியின் வால் வெளியே நீண்டிருக்கட்டும். வட்டப் பிரஷ்ஷால் துளையின் சுவரைத் தேயுங்கள். சீட்டில் கரி கெட்டியாக இருந்தால் வழிகாட்டியுள்ள சீட் கட்டரைக் கையால் இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்றுங்கள். சீட்டை வெட்டிக்கொண்டே போனால் நாசில் மூக்கு சிலிண்டருக்குள் அதிகம் நீண்டு, டீசல் தப்பான இடத்தில் பிஸ்டன்மேல் விழும். வேலை முடிந்ததும் திரியை எடுத்து, இன்ஜெக்டர் இல்லாமலே ஸ்டார்ட்டரை இரண்டு முறை சுழலவிட்டால் மிச்சத் தூள் வெளியே ஊதிப்போகும். துளைக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

வாஷர் புதிதாக, நிறுவனம் சொல்லும் அதே கனத்தில் இருக்க வேண்டும். 1.5 மிமீ கேட்கும் இடத்தில் 2 மிமீ போட்டால் நாசிலின் உயரம் மாறிப் புகை வரும். புதியது கிடைக்கவில்லையென்றால் பழையதை மங்கலான சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். தாமிரம் மென்மையாகும். ஒரு பயணத்துக்கு அது தாங்கும், ஒரு வருஷத்துக்குத் தாங்காது.

பாடியின் மேல் பகுதியில் நிக்கல் அல்லது காப்பர் கலந்த, இறுகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை விரலால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். நாசில் மூக்கிலும் வாஷர் உட்காரும் முகத்திலும் படக் கூடாது. சாதாரண கிரீஸ் சூட்டில் எரிந்து கரியாகும், அதுவே பசையாக மாறிவிடும்.

நட்டை இறுக்கும்போது இரண்டு பக்கமும் மாறிமாறிக் கால் சுற்றாகப் போங்கள். ஃபிளாஞ்சுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். டார்க் அளவு அதிகமில்லை. பெர்கின்ஸ் 4.236-க்கு 16 நியூட்டன் மீட்டர்தான், நீளமான ஸ்பேனரில் ஒரு கை விசை அதைத் தாண்டிவிடும். ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று அதிகம் இறுக்கினால் நாசில் பாடி நெளிந்து ஊசி சிக்கும். மற்ற இன்ஜினுக்கு அதனதன் புத்தக அளவு.

கடைசியாக மேல் வாய். கழுத்தில் ரப்பர் தூசித் தடுப்பு இருக்க வேண்டிய இன்ஜின் என்றால் அதைப் புதிதாகப் போடுங்கள். இல்லாத மாடல் என்றால் கழுத்தைச் சுற்றி மரைன் கிரீஸ் ஒரு வளையம் அப்பிவிடுங்கள். கூடவே, மேலேயிருந்து சொட்டும் டெக் ஒழுகலை அடையுங்கள். அதை அடைக்காமல் எந்தப் பேஸ்ட் தடவியும் பலனில்லை. ஒவ்வொரு தடைக்காலத்திலும், ஓட்டத்தில் குறை இல்லாவிட்டாலும், ஆறு இன்ஜெக்டரையும் ஒரு முறை வெளியே எடுத்துப் போடுங்கள். ஒரு வருஷத்து இன்ஜெக்டர் கையோடு வரும், ஐந்து வருஷமாகத் தொடாதது வராது.

டெக் மெக்கானிக், ராயபுரம்: கஷ்டப்பட்டு எடுத்த இன்ஜெக்டரைத் திரும்பப் போடலாமா, நாசில் மாத்தணுமா?

பதில்: இழுத்து எடுத்ததை டெஸ்ட் செய்யாமல் போடவே கூடாது. பம்ப்-நாசில் கடையில் கொடுங்கள். நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் பல துளை நாசில்கள் பழைய இன்ஜின்களில் பெரும்பாலும் 170 முதல் 250 பாரில் திறக்கும், முன்னறை உள்ளவை 110 முதல் 150 பாரில். உங்கள் மாடலின் சரியான எண்ணை எழுதிக் கொடுங்கள். கசிவுக்கு, திறக்கும் அழுத்தத்தை விட 20 பார் குறைவாக வைத்து 10 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். நுனி ஈரமாகலாம், சொட்டு விழக் கூடாது. எல்லாத் துளையிலும் புகைபோல ஒரே சீராக அடிக்க வேண்டும், கோடு மாதிரி அடித்தால் நாசில் மாற்ற வேண்டியதுதான். ஆறு இன்ஜெக்டருக்குள்ளும் அழுத்த வித்தியாசம் 5 பாருக்குள் இருந்தால் இன்ஜின் அமைதியாக ஓடும். டெஸ்ட் நடக்கும்போது தெளிப்பில் கை வைக்கக் கூடாது.

டிரைவர், திருவொற்றியூர்: எல்லாம் மாட்டியாச்சு, ஸ்டார்ட் ஆவுது. ஒரு சிலிண்டர்ல மட்டும் ‘சுக் சுக்’னு வருது.

பதில்: வாஷர் அடைக்கவில்லை. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது அந்த இன்ஜெக்டர் கழுத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விடுங்கள், குமிழி வந்தால் உறுதி. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, நட் இரண்டும் சரியான டார்க்கில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளவைத் தாண்டி இறுக்கி அடைக்கப் பார்க்காதீர்கள். டார்க் சரியாக இருந்தும் குமிழி வந்தால் இன்ஜெக்டரை வெளியே எடுங்கள். வாஷரில் பதிந்த வளையம் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் சீட்டில் கரித்துணுக்கு மிச்சம் இருக்கிறது, அல்லது ஃபிளாஞ்ச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. சீட்டை மறுபடி சுத்தம் செய்து, இன்னொரு புது வாஷர் போடுங்கள். ஒரு முறை நசுங்கிய வாஷரை அப்படியே போட்டால் இரண்டாம் முறை அடைக்காது. பிறகு பைப் நட்டை இன்ஜெக்டர் முனையில் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை கிராங்க் செய்து இறுக்குங்கள். அரை மணி நேரம் லோடில் ஓட்டி, ஆறிய பிறகு டார்க்கை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.